பன்னிரண்டாவது வரி

ஏப்ரல் 14

இந்தப் பதிவேட்டில் இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இது மாவட்டப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சிப் பதிவேடு. துணைப் பயிற்சியாளரான நான் தினமும் எழுத வேண்டும்: யார் வந்தார்கள், என்ன பயிற்சி, யாருக்கு எங்கே அடி. அதெல்லாம் வலது பக்கத்தில். இடது பக்கம் காலியாகவே கிடக்கிறது. எனக்கு முன் இருந்தவர்கள் பேனா எழுதுகிறதா என்று அதில் கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமைதோறும் குழந்தைவேலு சார் கையெழுத்துப் போடுவார். தலைமைப் பயிற்சியாளர் அவர்தான், சங்கச் செயலாளரும் அவர்தான். கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு 'கு' போட்டு ஒரு கோடு இழுப்பார். அடுத்த பக்கம். அடுத்த 'கு'. ஒருமுறை போன மாதத் தேதிகளையே தவறுதலாக எழுதிவிட்டேன். அதற்கும் 'கு' விழுந்தது.

ஆகவே இடது பக்கத்தில் எழுதலாம்.

இன்று வருடப் பிறப்பு. பயிற்சி இல்லை. மெஸ் அடைப்பு. என் அறை மைதான கேலரிக்குக் கீழே இருக்கிறது. கூரை படிக்கட்டாகச் சரிந்து இறங்கும். ஆட்டம் நடக்கும் நாட்களில் மேலே ஆட்கள் உட்கார்ந்து எழும்போது கட்டிலில் மண் உதிரும். இன்று உதிரவில்லை.

அம்மா பேசினாள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"என்ன சாப்ட்ட?"

"பாயசம், வடையெல்லாம் போட்டாங்க. எல்லாரும் சேந்துதான் சாப்ட்டோம்."

பிஸ்கட் உறையைச் சத்தம் கேட்காமல் மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 16

காலை வருகை 13. வலைகள் இரண்டும் கிழிந்துவிட்டன.

ஐந்து மணிக்கே எழுந்து ஃப்ரீ த்ரோ நூறு போட்டேன். 81 விழுந்தது. பயிற்சி கொடுப்பவருக்குக் கை பழக்கத்தில் இருக்க வேண்டும், அதற்காகத்தான். தனியாகப் போடுவதில் ஒரு தொல்லை: அடிப்பதும் நானே, ஓடிப்போய் எடுப்பதும் நானே. நூறு முறை.

ஏப்ரல் 19

'கு' வாங்கியாயிற்று.

பூரணி என்ற பெண் இப்போது ஐந்தேகாலுக்கே வந்துவிடுகிறாள். பிளஸ் டூ முடித்தவள். வீட்டில் நான்கு விசைத்தறி. தறிச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, பேசும்போது கத்துவாள்.

"அக்கா, நீங்க அடிங்க! நான் எடுத்துப் போடறனுங்க!"

"வேண்டாம், உனக்குத் தூக்கம் கெடும்."

"எங்கூட்டுல நாலு மணிக்கே தறி ஓடுதுங்க. அதுல யாரு தூங்கறது?"

பந்து கையைவிட்டுப் போனதும் அடுத்த பந்து நெஞ்சுக்கு நேராக வந்துவிடுகிறது. நூறும் இருபது நிமிடத்தில் முடிந்தது. 88.

ஏப்ரல் 22

என்னைப் பற்றி நானே எங்கும் எழுதியதில்லை. படிவங்களில் எழுதியதோடு சரி.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா தீப்பெட்டி ஆலையில் லோடு ஏற்றுகிறார். பந்தால்தான் கல்லூரி கிடைத்தது. அதன் பிறகு பத்து வருடம், ஏழு அணி. எதிலும் நிரந்தரம் இல்லை. ஆள் குறையும் ஊருக்கு ஆடப்போகிற கெஸ்ட் பிளேயர். ரயிலில் இறங்குவேன், சட்டை கொடுப்பார்கள். 4 முதல் 14 வரை அவர்கள் பெண்களுக்குப் போய்விடும். மீதி இருப்பது 15. அது எப்போதும் பெரிய சைஸ், தோளில் நிற்காது. ஏழு ஊரிலும் 15தான்.

போகிற இடத்திலெல்லாம் "நீ டிகிரி படிச்சவ, எழுத்து நல்லா இருக்கு, நீயே எழுதிரு" என்று அணிப் பட்டியல் படிவத்தை என்னிடம் தள்ளிவிடுவார்கள். பன்னிரண்டு வரி. பதினொரு பெயரை எழுதிவிட்டு, கடைசி வரியில் முனீஸ்வரி, 15. என் படத்தை ஒட்டுவேன்.

பத்து வருடத்தில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. வேறு எண் கேட்டதில்லை, லோயர் பெர்த் கேட்டதில்லை, என்னை இறக்குங்கள் என்று கேட்டதில்லை. கடைசியாக ஆடிய அணியில் கடைசி ஆட்டம் முழுக்க பெஞ்சில் இருந்தேன். அதுதான் கடைசி என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு அழைப்பு வரவில்லை, அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 25

மாலையில் இரண்டுக்கு இரண்டு ஆட ஆள் குறைந்தது. நான் இறங்கினேன். காப்டன் ரோஸ்லின் போலீஸ்காரி, வாய் ஓயாது. "பாருங்க சார், அக்கா இன்னும் ரெண்டு வருசம் தாங்குவாங்க போல!"

சார் சிரித்தார். "ஆடுனது போதும்மிணி. இனி உங்கள ஆட்டி வெக்கட்டும்." அப்புறம் பூரணி ஓடிவந்து எம்பி ஒரு லே-அப் போட்டதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இந்தப் புள்ள வயசுல உனக்கு இத்தன வேகம் இருந்துச்சா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

வலைகள் புதிதாக வாங்க வேண்டும். இன்றும் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 28

காலையில் பந்து எடுத்துப் போட்டுக்கொண்டே பூரணி ஒரு விஷயம் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

"சென்னைக் காலேஜ் ஒண்ணுல விளையாட்டுக் கோட்டாவுல சீட்டு இருக்குதுங்க. படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் அவங்களே. ஸ்டேட் சீனியர் ஆடுன சர்டிபிகேட் இருந்தா டிரையலுக்குக் கூப்புடுவாங்களாம். ஜூன் அஞ்சு."

"அப்பா சரின்னாரா?"

"சீட்டு கெடச்சாப் போ, இல்லீன்னா பேசாம தறிக்கு வான்னு சொல்லிட்டாருங்க. ஒரே பேச்சு." பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "எடுப்பாரோ மாட்டாரோ சாரு, எதுக்கும் போட்டோ குடுத்து வெக்கறேன். தலைகூட காயலீங்க அப்ப. மூஞ்சி நல்லாருக்குதா?"

நன்றாக இருந்தது. பதிவேட்டின் அட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 29

மாநில சீனியர் போட்டிக்குப் பன்னிரண்டு பேரைச் சார் வாயால் சொன்னார். பன்னிரண்டாவது பூரணி. "சின்னப் புள்ள, பெஞ்சுல உக்காந்தாலும் பழகட்டும்." பூரணி கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

ஏப்ரல் 30

படிவம் எழுதினேன். பசை தீர்ந்துவிட்டது, கடைசிப் படத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். சார் கடையில் கையெழுத்து. கூரியர். பெயர்ப் பட்டியல் அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

மே 3

'கு'.

மே 7

புது ஷூ வாங்கினேன். பயிற்சி கொடுக்கும்போது பழையது வழுக்குகிறது. முழங்காலுக்கு ஐஸ் வைக்கிறேன். காலையில் 91.

மே 11

ஞாயிறு. அம்மா பேசினாள். அப்பாவிடம் கொடு என்றேன். அவர் "சொல்லு தாயி" என்றார். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மே 15

போட்டி நடக்கும் ஊருக்கு நேற்று வந்து சேர்ந்தோம். இன்று காலை மேலாளர்கள் கூட்டத்தில் அடையாள அட்டைகள் கொடுத்தார்கள். நான் வெளியே பிள்ளைகளோடு நின்றேன். சார் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி அட்டையில் நின்றார்.

"ஏம்மிணி, உன்னையவே எழுதி வெச்சிருக்கற?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ரோஸ்லின்தான் முதலில் சிரித்தாள். "அக்காவுக்குக் கை அரிச்சிருச்சு சார்!"

"பழக்கம் சார். கடைசி வரியில என் பேரையே எழுதி எழுதி..." என்றேன். பழக்கம்தான். பத்து வருடப் பழக்கம். இருபத்தேழு படிவம் எழுதியிருப்பேன்.

சார் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பட்டியலை இனி மாற்ற முடியாதாம். "விடு, நானும் பாக்காமத்தான கையெழுத்துப் போட்டன். பூரணிக்கென்ன, வயசிருக்குது. அடுத்த வருசம் ஆடிக்கட்டும். நீ சட்டைய மாட்டு."

ஜூன் ஐந்தைப் பற்றி அங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே பேசவில்லை.

பிறகு பைகளை எடுத்து வைக்கும்போது பூரணி என் பக்கத்தில் வந்தாள். முதல்முறையாக மெதுவாகப் பேசினாள். பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி.

"அக்கா, பேரு மாறிப்போவுங்க. போட்டோவுமா மாறிப்போவும்?"

தண்ணீர் கேன் நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 17

காலிறுதி.

இதை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதுகிறேன்.

கடைசிக் கால் பகுதியில் எங்கள் பெண்கள் இருவர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறிவிட்டார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு. ஆறு நிமிடம் மீதம். ஒன்பது புள்ளி பின்னால். சார் பெஞ்சை ஒரு முறை பார்த்தார். "எறங்குறியா?" என்றார்.

இறங்கினேன். 15. தோளில் நிற்கவில்லை.

முதல் முறை பந்து கைக்கு வந்ததும் எம்பி அடித்தேன். ஆட்டத்தில் பந்தைத் தொட்டுப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. அதன் பிறகு முழங்கால் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள், எனக்குக் கோபமே வரவில்லை, ஓடுவதே போதுமாக இருந்தது. கேலரியில் பூரணி சாதாரண சுடிதாரில் உட்கார்ந்து எங்களுக்காகப் புள்ளி குறித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கத்தினாள்: "அக்கா! இடது பக்கம் ஆளு! இடது பக்கம்!" திரும்பினேன். என்னை மறிக்க ஒருத்தி நின்றிருந்தாள். சுற்றிப் போய் இன்னொன்று போட்டேன். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள்.

மூன்று புள்ளியில் தோற்றோம். நான் நான்கு புள்ளி, மூன்று ரீபவுண்ட். கைகொடுத்துவிட்டுத் திரும்பியபோது பூரணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நல்லா ஆடுனீங்க்கா." பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஆறு நிமிடம் இருந்ததில்லை. இதையும் எழுதிவிட வேண்டும்.

மே 20

ஊர் திரும்பினோம். சான்றிதழ் கொடுத்தார்கள். முனீஸ்வரி. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இது எனக்கு எதற்கும் உதவாது.

காலையில் நூறு போட ஆரம்பித்தேன். அடிப்பதும் நானே, எடுப்பதும் நானே. 31இல் நிறுத்திவிட்டேன்.

மே 22

பூரணி மூன்றாவது நாளாக வரவில்லை. வருகைப் பத்தியில் அவள் பெயருக்கு நேரே 'வ.இ.' என்று எழுதும்போது ரோஸ்லின் பார்த்தாள். "அவ தறிக்குப் போயிட்டாளாம்க்கா. எங்க ஸ்டேஷன் பக்கந்தான் வீடு."

மே 24

சார் 'கு' போட்டுக்கொண்டே சொன்னார்: "கமிட்டியில பேசிட்டன்மிணி. ஜூன் ஒண்ணுலருந்து நீ நிரந்தரம். எந்த ஊருக்கும் பொட்டி தூக்க வேண்டாம். சந்தோஷந்தான?"

"சார், ஒரு விஷயம்" என்றேன்.

"சொல்லு, சொல்லு." போன் அடித்தது. யாருக்கோ சந்தன நிறத்தில் எமல்ஷன் வேண்டுமாம். நான்கு பக்கத்துக்கும் 'கு' விழுந்தது. "என்னமோ சொல்ல வந்த?"

"வலை கிழிஞ்சிருக்கு சார்."

"வாங்கிரு."

மே 26

பூரணி சொன்ன சென்னைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நிர்மலா மேடத்தின் எண்ணைக் கண்டுபிடித்தேன். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு ஒரு மணி அடித்ததும் துண்டித்தேன். நான்காவது முறை அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"யாரும்மா, கூப்பிட்டுக் கூப்பிட்டு வைக்கிறீங்க?"

சொன்னேன். பெயர் விட்டுப்போனது என்று மட்டும் சொன்னேன்.

"சர்டிபிகேட் இல்லாம டிரையலுக்கே எடுக்க முடியாதே. ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பொண்ணு தேர்வான பன்னிரண்டு பேர்ல ஒருத்தி, பேரு எப்படி விட்டுப்போச்சுங்கறத உங்க செயலாளர் லெட்டராக் குடுக்கட்டும். நான் அவர்கிட்டயே போன்ல கேட்டு உறுதி பண்ணிக்கறேன். அவர் ஆமான்னா, ஆட விட்டுப் பாக்கறேன்."

மே 27

ஜெராக்ஸ் கடையில் கடிதத்தை டைப் செய்து வாங்கினேன். 'எழுத்துப் பிழையால் விடுபட்டது' என்று இருக்கிறது. பதிவேட்டுப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து நீட்டினால் சனிக்கிழமை இதற்கும் 'கு' விழும். அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மேடம் போன் செய்வார். "எந்த லெட்டர்?" என்று சார் கேட்பார். பூரணிக்கு அதோடு முடிந்துபோகும்.

சாரிடம் சொல்ல வேண்டும்.

மே 28

கடைக்குப் போனேன். கூட்டம்.

மே 29

கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 30

பூரணியின் வீட்டுக்குப் போனேன். முன்னால் வீடு, பின்னால் தறிக்கூடம். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தலையில் பஞ்சுத் தூசி. அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயசைத்தாள். கேட்கவில்லை. நானும் பேசினேன், எனக்கே கேட்கவில்லை. அங்கே மெதுவாக எதையும் சொல்ல முடியாது. எனக்கோ மெதுவாகத்தான் பேச வரும்.

"தெரியாம எழுதல!" என்று கத்தினேன். "பேரைக் கை எழுதிருச்சு! எழுதினதும் பாத்தேன்! அடிச்சுட்டு உன் பேரை எழுதியிருக்கலாம்! உன் போட்டோ பைக்குள்ளதான் இருந்தது! என் போட்டோவைத்தான் ஒட்டினேன்! தெரிஞ்சேதான்!"

நடுவில் எப்போதோ அவளுடைய அப்பா மோட்டாரை நிறுத்தியிருந்தார். கடைசி வார்த்தை வெறும் கூடத்தில் தனியாக விழுந்தது.

"தெரியுமுங்க்கா" என்றாள் பூரணி.

"யாரு அம்மிணி இது?" என்றார் அவர்.

"எங்க கோச்சுங்கப்பா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. "அஞ்சாந் தேதி வரைக்கும் சொல்லியிருக்கறன். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார்.

வாசல்வரை பூரணி வந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"லெட்டரு வாங்கீட்டு வாங்க்கா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மே 31, சனி

இன்று வலது பக்கத்தில் எழுதுகிறேன்.

வருகை 12. ஃப்ரீ த்ரோ, வேகப் பயிற்சி. காயம் இல்லை. புது வலைகள் மாட்டியாயிற்று.

சார், என்னால் உங்கள் எதிரில் நின்று இதைச் சொல்ல முடியவில்லை. மூன்று முறை முயன்றேன். அதில் ஒரு வலையும் ஒரு பிரஷும்தான் வந்தன.

ஏப்ரல் 30ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குப் படிவத்தை எழுதினேன். நான்கு மணிக்கு உங்கள் கடைக்கு எடுத்து வந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் உறை ஒட்டாமல் என் மடியில் இருந்தது. பன்னிரண்டாவது வரியில் பெயரை எழுதியது பழக்கம். படத்தை ஒட்டியது நான். நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் ஒரு ஆட்டம் வேண்டியிருந்தது. கேட்டிருந்தால் நீங்களே வேறு வழி சொல்லியிருப்பீர்களோ என்னவோ. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பூரணியின் சென்னைக் கல்லூரி சீட்டுக்காக உங்கள் பெயரில் டைப் செய்த கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதில் எழுத்துப் பிழை என்று இருந்தது. இந்தப் பக்கத்தோடு குத்தியிருப்பது நான் கையால் எழுதியது. அதில் நடந்தது நடந்தபடி இருக்கிறது, என் பெயரோடு. அதன் மூலையில் பூரணியின் படம். பசை இன்னும் வாங்கவில்லை, சோற்றுப் பருக்கைதான், பிய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்தக் கல்லூரியின் நிர்மலா மேடம் உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் ஆமாம் என்று சொன்னால் ஐந்தாம் தேதி அவள் டிரையலில் ஆடுவாள். நாளைக்கு ஜூன் ஒன்று. நிரந்தரம் பற்றிக் கமிட்டியில் நீங்கள் பேசியதைத் திரும்பப் பெறுவதாக இருந்தால், என் பெட்டி சின்னதுதான், கட்ட அரை மணி நேரம் போதும்.

பதிவேட்டை மேசையில் திறந்தே வைத்துவிட்டு வெளியே கேலரியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து வருடத்தில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்று இடது பக்கத்தில் எங்கேயோ எழுதியிருக்கிறேன். இப்போது ஒன்று கேட்கிறேன். போன் அடித்தால் அடிக்கட்டும். பேனா மூடியைக் கழற்றுவதற்கு முன், சார், இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.